கரஸ் படிக்கப் போகிற தங்கச்சிமாருக்கு

1996 ஆடி மாசம் ஒரு நாள், எங்கள் தெரு தபால்காரர் வாசலில் நின்று, "யூனிவர்சிட்டியிலேர்ந்து பார்சல்!" என்று சத்தம் போட்டார். எனக்கு அப்போது 32 வயது. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கோவில்பட்டியில் எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவார்கள், மீதிப் பேர் என்னைப் போல வீட்டில் உட்கார்ந்து ஒட்டுவார்கள். பசைக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உள்ளே பி.ஏ. வரலாறு முதல் வருஷப் புத்தகங்கள்.

அதை முடிக்க எனக்கு நாலு வருஷம் ஆனது. பிறகு எம்.ஏ. அதற்கப்புறம் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் 18 வருஷம் கிளார்க். சர்டிபிகேட், டிசி, இனிஷியல் என்று பேப்பரோடு பேப்பராகவே காலம் போனது. இப்போது அறுபது தாண்டிவிட்டது. சாயங்காலம் தார்சாவில் உட்கார்ந்தால் தெருவில் யாராவது ஒரு பெண் வந்து, "அக்கா, கரஸ்ல சேரலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பிப்பாள். அஞ்சல்வழி, தொலைதூரம், தொலைநிலை, திறந்தநிலை என்று பெயர் எத்தனையோ மாறிவிட்டது. எங்கள் ஊரில் அது இன்னும் கரஸ்தான். எல்லாரிடமும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

1. முதலில் வீட்டில் சொல்லுங்கள். சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

நான் அந்தத் தப்பைச் செய்தேன். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். மாமியாருக்கும் நாத்தனாருக்கும் தெரியக் கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம். தபால்காரர் போட்ட சத்தத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மாமியார் பார்சலைத் தூக்கிப் பார்த்தார். என்ன கனம் என்று யோசித்திருப்பார் போல. "இனிமே படிச்சுக் கலெக்டராவா ஆகப் போற?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி புத்தகங்களை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன்.

ஒளித்து வைத்த புத்தகத்தை எடுக்க வேண்டுமென்றால் எல்லாரும் தூங்க வேண்டும். யாராவது இருமினால் மூடி வைக்க வேண்டும். மூன்று மாசம் இப்படிப் போனதில் ஒரே ஒரு புத்தகத்தில் பாதிதான் தாண்டியிருந்தேன். கடைசியில் என்னைக் காட்டிக்கொடுத்தது எலிதான். டிரம்முக்குப் பின்னால் இருந்த புத்தகத்தின் முனையைக் கடித்துவிட்டது. அழுகை வந்துவிட்டது. மாமியார் வந்து பார்த்துவிட்டு, "புஸ்தகத்தை ஏன் இங்கன வச்சிருக்க? அலமாரியில வையி" என்றார். அவ்வளவுதான். மூன்று மாசமாக நான் பயந்து நடுங்கியது அந்த ஒரு வார்த்தைக்கு.

எல்லா மாமியாரும் இப்படிச் சொல்வார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லாத வீடுகளும் எனக்குத் தெரியும். ஆனால் ஒளித்துப் படிக்கிற பெண்ணிடம் படிப்பு திருட்டுப் பொருள் மாதிரி ஆகிவிடுகிறது. அவளே அதைக் குறைவாக நினைக்க ஆரம்பித்துவிடுகிறாள். சண்டை வருமென்றால் புத்தகம் வருவதற்கு முன்னாலேயே வரட்டும். பரீட்சைக்கு முந்தின நாள் வருகிற சண்டையைவிட அது மேல்.

2. ஏஜென்ட் பேச்சைக் கேட்டுப் பணம் கட்டாதீர்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு ரூம், வாசலில் நாலு பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட போர்டு, உள்ளே ஒரு மேசை. "ஒரே வருஷத்துல டிகிரி, பரீட்சையை நாங்க பாத்துக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பி.ஏ.வுக்குக் குறைந்தது மூன்று வருஷம். அதை ஒரு வருஷமாகக் குறைக்க யாராலும் முடியாது. என் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பெண் அப்படி ஒரு ரூமில் 30,000 ரூபாய் கட்டினாள். வடக்கே ஏதோ ஓர் ஊரின் பெயர் போட்ட மார்க் ஷீட் வந்தது. அதைச் சரிபார்க்கக் கொடுத்தால் பல்கலைக்கழகமே கிடையாது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி வெளியிட்டுக்கொண்டேதான் இருக்கிறது. நாம்தான் பார்ப்பதில்லை.

நல்ல வழி இருக்கும்போது மாடி ரூம் எதற்கு? இந்தியாவில் இந்தப் படிப்பு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1962-இலேயே தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் மதுரை 1971, அண்ணாமலை 1979, சென்னை 1981. டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இக்னோ 1985. சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் சட்டம் போட்டு வந்தது. எங்கே சேர்ந்தாலும் யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்த வருஷத்து அனுமதிப் பட்டியலைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரப்போகிற பாடமும், சேரப்போகிற பருவமும் அதில் இருக்க வேண்டும். போன வருஷம் இருந்த பாடம் இந்த வருஷம் இல்லாமல் போகும். கைபேசியில் பார்க்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஐந்து நிமிஷ வேலை.

3. எல்லாப் படிப்பும் கரஸில் கிடையாது.

வக்கீல் படிப்பு, நர்சிங், இன்ஜினியரிங் இதெல்லாம் இல்லை. எவனாவது இருக்கிறது என்றால் அவன் இரண்டாவது நம்பரில் சொன்ன மாடி ரூம் ஆள். டீச்சராக வேண்டும் என்று வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைநிலை பி.எட். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு. மற்றவர்கள் பி.ஏ.வையோ பி.எஸ்சி.யையோ கரஸில் முடித்தாலும் பி.எட்.டுக்குக் கல்லூரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அந்த இரண்டு வருஷத்துக்கு வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இப்போதே கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, கவுன்சலிங் செய்யலாம் என்று சைக்காலஜி கேட்டு நிறையப் பெண்கள் வருகிறார்கள். 2025 ஜூலைப் பருவத்திலிருந்து சைக்காலஜி, ஊட்டச்சத்து போன்ற சில படிப்புகளைத் தொலைநிலையில் நடத்தக் கூடாது என்று யூஜிசி நிறுத்திவிட்டது. பழைய நோட்டீசை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

மீதி இருப்பதில் எதை எடுப்பது? பக்கத்து வீட்டுக்காரி பி.காம். எடுத்தாள் என்று நீங்களும் எடுக்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு, உடம்பெல்லாம் வலிக்கும்போது, எந்தப் புத்தகத்தைத் திறக்கக் கை போகுமோ அதை எடுங்கள். எனக்கு அது வரலாறு. சின்ன வயசில் எங்கள் அப்பா கழுகுமலைக்குக் கூட்டிப்போய் வெட்டுவான் கோயிலைக் காட்டி, மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறான் பார் என்றார். யார் செதுக்கினது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பாண்டியர் காலம் என்று 33-ஆவது வயதில் பாடப் புத்தகத்தில் படித்தேன். சொல்வதற்கு அப்பா அப்போது இல்லை.

4. பத்து, பிளஸ் டூ, டிகிரி. இந்த வரிசை மாறக் கூடாது.

பிளஸ் டூ இல்லாமலே நேராக டிகிரி, டிகிரி இல்லாமலே நேராக எம்.ஏ. என்று ஒரு காலத்தில் அள்ளிக் கொடுத்தார்கள். அடிப்படைப் பட்டம் இல்லாமல் வாங்கின எம்.ஏ. செல்லாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாடு அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் பத்து, பிளஸ் டூ, பிறகு டிகிரி என்ற வரிசையைத்தான் பார்ப்பார்கள். பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதிவிட்டு வாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலை வேண்டாம், படிப்புதான் ஆசை என்கிறவர்களும் இந்த வரிசையை விடாதீர்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் டிகிரி வந்ததும் மனசு மாறி வேலைக்கு விண்ணப்பம் போடக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

5. இனிஷியல்.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நமக்கு மட்டும்தான். பள்ளியில் அப்பா பெயரின் முதல் எழுத்து. கல்யாணம் ஆனதும் ரேஷன் கார்டில் வீட்டுக்காரர் பெயரின் எழுத்து. ஆதார் எடுக்கப் போனபோது கூட்டத்தில் அவசரமாக ஏதோ சொல்ல, ஏதோ ஏறியிருக்கும். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'எம்'. ரேஷன் கார்டில் 'எஸ்'. வாக்காளர் அட்டையில் இனிஷியலே இல்லை. மூன்றும் நான்தான்.

ஒரு பெண் வந்தாள், லட்சுமி என்று முடிகிற பெயர். அவளிடம் நாலு அட்டை இருந்தது. நாலிலும் ஆங்கில எழுத்துகள் நாலு விதம். தமிழில் பார்த்தால் எல்லாம் ஒன்று. கம்ப்யூட்டருக்கு அவள் நாலு பேர்.

அந்தக் காலத்தில் இதைத் தாண்டிப் போய்விடலாம். கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து ஒன்று வாங்கினால் முடிந்தது. இப்போது முடியாது. 2024 செப்டம்பருக்குப் பிறகு தொலைநிலைப் படிப்பில் சேர வேண்டுமென்றால் டெப் ஐடி என்று ஒரு எண் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஏபிசி ஐடி எடுக்க வேண்டும். எல்லாம் ஆதாரைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர் என்றால் முதல் படியிலேயே நின்றுவிடும்.

நான் சொல்வது ஒன்றுதான். மார்க் ஷீட்டைத் தொடாதீர்கள். ஆதாரை மார்க் ஷீட்டுக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றுங்கள். மார்க் ஷீட்டை மாற்றப் போனால் கெஜட், பள்ளி, தேர்வுத் துறை என்று வருஷம் ஓடிவிடும். ஆதாரில் பெயரை ஆயுசுக்கு இரண்டு தடவைதான் மாற்றலாம் என்பதால், எழுத்துக்கு எழுத்து சரி பார்த்துவிட்டு ஒரே தடவையில் மாற்றுங்கள். புள்ளி, இடைவெளி, எல்லாம் பார்க்க வேண்டும்.

"அப்போ அவர் பேரை எடுத்துட்டு அப்பா பேரையா போடணும்?" என்று கேட்பார்கள். ஆமாம். அதற்கு வீட்டில் முகம் சுளித்தால், ஒன்றாவது நம்பரை இன்னொரு தடவை படியுங்கள். ஒரு வீட்டுக்காரர் என்னிடமே வந்து, "ஏன் அக்கா, நான் உயிரோடதான இருக்கேன்?" என்று கேட்டார். நீங்கள் கல்யாணத்துக்கு முன்னாலும் உயிரோடுதான் இருந்தீர்கள், அப்போது அவள் பாஸ் பண்ணின பரீட்சை இது என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

6. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படிக்காதீர்கள்.

எல்லாரும் சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்கிறேன் என்று தெரியும். விடியற்காலையில் மனசில் பதியும் என்பார்கள். படிக்கிற பிள்ளைக்குப் பதியலாம். ஐந்தரைக்கு இட்லி ஊற்றி, ஏழுக்கு டிபன் பாக்ஸ் கட்டி, ராத்திரி பத்தரைக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கிறவளுக்கு நாலு மணி என்பது தூக்கத்தில் திருடுகிற நேரம். அந்தத் தூக்கத்தை உடம்பு பின்னால் வட்டியோடு கேட்கும். அது மட்டுமில்லை. நாலு மணிப் படிப்பும் ஒரு ஒளித்த படிப்புதான். யாருக்கும் ஒரு காபிகூடத் தாமதமாகாமல், யார் கண்ணிலும் படாமல் டிகிரி வாங்கிவிடலாம் என்கிற நினைப்பு. அப்படி வாங்கினவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. ஆறு கிரெடிட் பாடத்துக்கு 180 மணி நேரம். ஆறு மாசப் பருவத்தில் தினமும் ஒரு மணி நேரம் ஒரே பாடத்துக்கு. மூன்று பாடம் என்றால் தினம் மூன்று மணி. நம்மால் ஆகுமா? தினமும் ஆகாது. அதனால்தான் மூன்று வருஷ டிகிரியை ஆறு வருஷம் வரைக்கும் இழுத்து முடிக்க அங்கே அனுமதி இருக்கிறது. நீங்கள் சேரும் இடத்தில் எத்தனை வருஷம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவத்தில் இரண்டு பாடம் மட்டும் எழுதி, மற்றதை அடுத்ததில் எழுதினால் தலை போகாது. நாலு வருஷம், ஐந்து வருஷம் ஆனதென்று ஊரில் யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நேரத்தைச் சாயங்காலத்துக்கு மேல் எடுங்கள், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. எங்கள் வீட்டில் அது ராத்திரி எட்டரை முதல் பத்து. நான் கடைசி வருஷம் எழுதிய 2000-இல் தெரு முழுக்கச் 'சித்தி' சீரியல் ஓடும். எங்கள் வீட்டிலும் ஓடும். நான் அடுப்படியில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். முதல் வாரம், "ம்மா, தண்ணி", "ம்மா, என் சட்டை" என்று பத்துத் தடவை எழுப்பினார்கள். எழுந்து எழுந்து போனேன். இரண்டாவது வாரத்திலிருந்து, பத்து மணிக்கு எடுத்துத் தருகிறேன் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். தண்ணீரைத் தானே எடுத்துக் குடிக்க என் மகனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு வயசு 13.

மாமியாரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் குக்கர் விசிலை எண்ணி அடுப்பை அணைக்கிற பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. நான் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருப்பேன். மூன்றாவது விசிலுக்கு ஒரு கை வந்து குமிழைத் திருப்பிவிட்டுப் போகும்.

7. கையைப் பழக்குங்கள்.

இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். பிளஸ் டூ எழுதினது 1981-இல். பிளஸ் டூ வந்த இரண்டாவது செட் நான். அதற்குப் பிறகு பதினைந்து வருஷத்தில் நான் எழுதினது பால் கணக்கும் மளிகைச் சீட்டும்தான். முதல் பரீட்சையில் நாற்பது நிமிஷத்தில் கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு விரலைப் பிசைந்துகொண்டிருந்தேன். தெரிந்த கேள்வி, பதினைந்து மார்க். பதில் மனசில் வரிவரியாக ஓடுகிறது, கை ஓடவில்லை. அந்தப் பேப்பர் போனது.

ஆகவே பரீட்சைக்கு நாலு மாசம் முன்னாலிருந்து தினமும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதுங்கள். முதலில் பத்து நிமிஷம், பிறகு அரை மணி, கடைசி மாசம் வாரத்துக்கு ஒரு தடவை முழு மூன்று மணி நேரம். எதை எழுதினாலும் சரி, பாடத்தையே பார்த்து எழுதினாலும் சரி. விலை கூடின பேனா வேண்டாம். அழுத்தாமல் ஓடுகிற பேனாவாகப் பார்த்து நாலு வாங்கி, எந்தப் பேனாவில் பழகினீர்களோ அதையே பரீட்சைக்கும் கொண்டுபோங்கள்.

8. அசைன்மென்டை விலைக்கு வாங்காதீர்கள். இக்னோவில் அசைன்மென்டுக்கு 30 சதவீதம், பரீட்சைக்கு 70. எழுதி முடித்த அசைன்மென்டை ஜெராக்ஸ் கடையிலேயே விற்கிறார்கள். அதைப் பார்த்துக் காப்பியடித்தால் 30 கிடைக்கலாம், 70 கிடைக்காது. சொந்தக் கையால் எழுதினால் ஏழாவது நம்பர் வேலையும் அதிலேயே முடிந்துவிடும். கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். என் அசைன்மென்ட் ஒன்றை ஓர் அலுவலகம் தொலைத்துவிட்டு, வரவே இல்லை என்றது. ஜெராக்ஸ் இருந்ததால் பிழைத்தேன்.

9. தொடர்பு வகுப்புக்கு லீவு போட்டாவது போங்கள்.

வருகைப்பதிவு கட்டாயமில்லை என்று சொன்னாலும் போங்கள். நடத்துகிற பாடத்துக்காகச் சொல்லவில்லை. சில வகுப்புகள் நன்றாக இருக்கும், சில வகுப்புகளில் வாத்தியார் கைடைத் திறந்து வாசிப்பார். நான் சொல்வது வெளியே மரத்தடியில் நடப்பது. எங்கள் செட்டில் பத்து நாள் வகுப்பு திருநெல்வேலியில் நடந்தது. காலையில் பஸ் ஏறி, சாயங்காலம் திரும்புவேன். அங்கன்வாடி டீச்சர் ஒருத்தி, போலீஸ்காரர் மனைவி ஒருத்தி, கன்னியாஸ்திரி ஒருவர், வள்ளியூர்ப் பக்கம் பூக்கட்டி விற்கிற அக்கா ஒருவர். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் ஐந்து ஊர்க் குழம்பு. யார் எந்தப் பாடத்துக்குக் குறிப்பு எடுப்பது என்று பிரித்துக்கொண்டோம். பூக்காரக்கா எழுதின குறிப்பை வைத்துத்தான் நான் அரசியல் சட்டப் பேப்பரில் 61 வாங்கினேன். அவர் எழுத்து நெருக்கித் தொடுத்த சரம் மாதிரி இருக்கும், ஒரு இடம் விட்டிருக்க மாட்டார்.

இன்னொன்றும் அங்கே நடந்தது. முதல் நாள் பதிவேட்டைப் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் என்னைத்தான் என்று உறைத்தது. அதற்கு முந்தின பதினாலு வருஷம் நான் மருமகள், மதினி, இன்னார் அம்மா. பெயரைச் சொல்லிக் கூப்பிட ஊரில் ஆளே இல்லை.

இப்போது வகுப்பைக் கைபேசியிலேயே நடத்துகிறார்கள். நல்லதுதான், பஸ் செலவு மிச்சம். ஆனால் அந்த மரத்தடி அதில் இல்லை. உங்கள் செட்டில் பெண்கள் மட்டும் ஒரு வாட்ஸ்ஆப் குரூப் தொடங்குங்கள். குட் மார்னிங் படம் போடுகிறவர்களை வெளியே அனுப்புங்கள்.

10. பரீட்சை நாள்.

முந்தின நாளே போய்ப் பள்ளிக்கூடம் எங்கே, எந்த பஸ், கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள். ஹால் டிக்கெட் வந்த அன்றைக்கே பாடக் குறியீடு எல்லாவற்றையும் சரி பாருங்கள். ஓர் எண் மாறியிருந்தால் பரீட்சை அன்று யாரும் உதவிக்கு வர மாட்டார்கள். வீட்டில் பரீட்சை நாட்களில் தயிர்சாதம், ஊறுகாய் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். சாம்பார் வைத்துவிட்டுப் பரீட்சைக்குப் போன பெண் பதிலுக்கு நடுவில் உப்புப் போட்டேனா என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

பரீட்சை எழுதுகிற பெஞ்ச் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருவது. முழங்கால் இடிக்கும். எனக்கு முன் வரிசையில் ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும். வெளியே வேப்பமரத்தடியில் அவளுடைய அம்மா மடியில் இரண்டு மாசக் குழந்தை. ஒரு மணி நேரம் அமைதி. பிறகு குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். முதுகு மட்டும் விறைத்தது. கொஞ்ச நேரத்தில் முந்தானையை இழுத்து முன்பக்கம் மூடிக்கொண்டாள். பால் நனைத்துவிட்டது. கண்காணிப்பாளர் ஒரு பெண். பக்கத்தில் வந்து குனிந்து ஏதோ சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு இன்னும் இரண்டு பக்கம் எழுதி, பேப்பரைக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

அடுத்த வருஷ வகுப்பில் பார்த்தேன். அந்தப் பேப்பர் போய்விட்டது, நாலு மார்க்கில். டிசம்பரில் திரும்ப எழுதிப் பாஸ் பண்ணியிருந்தாள். எனக்கே இங்கிலீஷ் மூன்று தடவை போனது. அரியர் என்றால் அரியர்தான். அடுத்த தடவைக்கு ஃபீஸ் கட்டுங்கள். மார்க் ஷீட்டைப் பார்த்து, எத்தனை தடவை எழுதினாய் என்று இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

11. பணம். புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். அது கல்லூரிக்கு நேரில் போகிற மாணவிகளுக்கு, கரஸுக்கு இல்லை. எனக்குத் தெரிந்த சிலர் 2023 செப்டம்பரிலிருந்து வருகிற மகளிர் உரிமைத்தொகையைத் தனிக் கணக்கில் விட்டு, அதிலேயே வருஷ ஃபீஸைக் கட்டிவிடுகிறார்கள். குழு லோன் எடுத்துப் படிக்காதீர்கள். வாரத் தவணை வந்து நிற்கும்போது முதலில் நிறுத்துவது படிப்பைத்தான்.

12. முடித்த பிறகு.

பாஸ் ஆனதோடு நின்றுவிடாதீர்கள். புரொவிஷனல், மொத்த மார்க் ஷீட், பட்டச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பித்து வாங்குங்கள். பட்டச் சான்றிதழ் வாங்காமலே பத்து வருஷம் விட்டுவிட்டு, வேலைக்கு நேர்காணல் வந்தபோது ஓடிவந்தவர்கள் உண்டு. லேமினேஷன் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் போதும்.

"கரஸ் டிகிரிதானே" என்று ஒருவர் உதட்டைப் பிதுக்குவார். நேர்காணலில் என்னிடமும் பிதுக்கினார்கள். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று யூஜிசி 2022 செப்டம்பரில் அறிவிப்பு போட்டிருக்கிறது. அதை ஒரு பிரதி எடுத்து ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். என் காலத்தில் அந்த அறிவிப்பு இல்லை. எந்தப் பேப்பரில் எவ்வளவு மார்க் என்று வேண்டுமானால் கேளுங்கள் என்று சொன்னேன். கேட்டார்கள். வேலை கிடைத்தது.

இதற்கு மேல் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நேரில் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தார்சாவில்தான் இருப்பேன். வரும்போது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் ஆதாரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், இனிஷியலைப் பார்த்துவிடலாம்.